நல்நடக்கை எப்படிச் சாட்சியாகிறது?

"சாட்சியா நடந்துகொள்ளுங்க." இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துச் சபைகளில் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்குக் கிடைக்கும் முதல் புத்திமதி பெரும்பாலும் இதுதான். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதுகூட யாராவது சொல்லிவிடுவார்கள். அப்படியென்றால் என்ன என்று விளக்குகிறவர்கள் குறைவு. அதனால் ஆளுக்கொரு விதமாக விளங்கிக்கொள்கிறோம். எதைச் சொன்னாலும் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பதுதான் சாட்சி என்று ஒருவர் நினைக்கிறார். இன்னொருவர், மனத்தாங்கலில் கதையில்லாமல் இருக்கும் பக்கத்து வீட்டுக்கு உலர் உணவுப் பொதியைக் கொண்டுபோய், அதற்குள் ஒரு கைப்பிரதியையும் செருகிவிட்டு வருகிறார். மூன்றாமவர் "என் வாழ்க்கையே சாட்சி" என்று சொல்லிவிட்டு, யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லாமல் நழுவுகிறார்.

இந்த மூன்றும் இயேசுவின் சீடரான பேதுரு சொன்னதைத் தவறவிடுகின்றன. அவர் சொன்னது 1 பேதுரு 2:12இல் இருக்கிறது. சுருக்கமாக இப்படி: உங்களை அக்கிரமக்காரர் என்று பழித்துப் பேசுகிறவர்கள், உங்கள் நற்கிரியைகளைக் கண்டு ஒருநாள் தேவனை மகிமைப்படுத்தும்படி, அவர்கள் நடுவில் நல்லபடி நடந்துகொள்ளுங்கள்.

இரண்டு சொற்களை மட்டும் இங்கேயே விளக்கிவிடுகிறேன். சாட்சி என்பது, தான் அறிந்து நம்புகிற ஒன்றை அடுத்தவர் காணும்படி வெளிப்படுத்துவது. நல்நடக்கை என்பது, நம்மை எதிர்க்கிறவரே பார்த்தாலும் "இது நல்ல காரியம்தான்" என்று ஒத்துக்கொள்ளக்கூடிய நடத்தை. சபைக்குள் மட்டும் பெயர் வாங்கித் தரும் காரியங்கள், எத்தனை நாள் உபவாசம் இருந்தோம், எத்தனை கூட்டத்துக்குப் போனோம் என்பவை, இந்தக் கணக்கில் வராது. வெளியில் நிற்பவருக்கு அவை தெரியவும் தெரியாது, விளங்கவும் விளங்காது.

சீட்டுப் பிடிக்கிற அக்கா

ஊரில் சீட்டுப் பிடிக்கிற ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். மாதாமாதம் எல்லாரும் அவர் கையில் காசைக் கொடுக்கிறார்கள். எழுத்து ஒப்பந்தம் கிடையாது, ஒரு கொப்பி மட்டும்தான். அவரை எதை வைத்து நம்புகிறோம்? "நான் நேர்மையானவள்" என்று அவர் சொன்னதால் யாரும் காசு கொடுக்கவில்லை. முன்கூட்டியே சீட்டை எடுத்த ஒருவர் ஒரு மாதம் காசு கட்டாமல் கைவிரித்திருப்பார். அந்த மாதம் அக்கா தன் காப்பை அடகு வைத்து, எடுக்கவேண்டியவருக்கு முழுத் தொகையையும் கொடுத்திருப்பார். அதைத் தெரு பார்த்தது. நம்பிக்கை அன்றைக்கு வந்தது.

இப்போது அவருக்கு ஆகாத ஒருவர், "அவள் சீட்டுக் காசைத் தின்றுவிட்டாள்" என்று கதை கட்டுகிறார். அந்தக் கதை அதிக தூரம் போகாது. போகிற வீட்டிலெல்லாம் காசு வாங்கின ஆள் ஒருவர் இருப்பார். அதைவிட வேடிக்கை, அந்தக் கதையைக் கட்டினவரே அடுத்த வருடம் தன் தங்கச்சி பெயரில் அதே அக்காவிடம் சீட்டுக்குச் சேருவார். முகம் கொடுத்துப் பேசமாட்டார். பகை அப்படியே இருக்கும். ஆனால் காசை அவர் கையில் கொடுக்கப் பயம் இருக்காது.

பேதுரு சொல்லும் நல்நடக்கையும் கிட்டத்தட்ட இப்படித்தான் வேலை செய்கிறது. நாலு பேர் காண, பல காலமாக, தன் கைக்கு நட்டம் வந்தபோதும் மாறாமல் இருந்த நடத்தை, அந்த ஆளைப் பற்றிய பொய்யை ஒட்டவிடாது. எதிரியை உடனே நண்பனாக்கும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

அந்தக் கடிதம் யாருக்குப் போனது

பேதுருவின் முதல் நிருபம் பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா என்ற மாகாணங்களில் சிதறியிருந்த விசுவாசிகளுக்கு எழுதப்பட்டது. இன்றைய துருக்கி நாட்டுக்குள் வரும் இடங்கள் அவை. அங்கே கிறிஸ்தவர்கள் சிறுபான்மை. அவர்களில் அடிமைகளும், விசுவாசியாத கணவரோடு வாழ்ந்த பெண்களும் இருந்தார்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

ரோம உலகத்தில் ஊர், வீடு, தொழில் எல்லாவற்றோடும் தெய்வ வழிபாடு கலந்திருந்தது. ஊர்த் திருவிழாவுக்கு வராதவன் ஊரையே மதிக்காதவன். ஊருக்கு ஒரு கெடுதி வந்தால், தெய்வங்களைக் கைவிட்டவர்களால்தான் வந்தது என்று பேச்சு எழும். சிலை வைக்காததால் கிறிஸ்தவர்களை நாத்திகர் என்றார்கள். இரண்டாம் நூற்றாண்டில், கூட்டத்தில் மனித மாமிசம் தின்கிறார்கள் என்றுகூட வதந்தி பரவியது. கி.பி. 64இல் ரோம் நகரம் எரிந்தபோது நீரோ மன்னன் பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் போட்டான். அதைப் பிற்காலத்தில் எழுதிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், அவர்கள்மேல் தீர்ப்பானது தீ வைத்த குற்றத்தைவிட மனித குலத்தையே வெறுக்கிற குற்றம்தான் என்கிற மாதிரி எழுதுகிறார். அவருக்கும் கிறிஸ்தவர்களைப் பிடிக்காது என்பது வரிக்கு வரி தெரியும்.

ஏறக்குறைய கி.பி. 112இல் பித்தினியா-பொந்து மாகாணத்து ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. விசுவாசத்தை விட்டு விலகியவர்களை விசாரித்து அவர் அறிந்தவை அதில் இருக்கின்றன. இந்த ஆட்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடுகிறார்கள். கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள். திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், கொடுத்த வாக்கை மீறமாட்டோம், நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டோம் என்று ஆணையிடுகிறார்கள். பிறகு கூடிச் சாப்பிடுகிறார்கள், அதுவும் சாதாரண உணவு. ஊழியம் செய்துவந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தும் பிளினி விசாரித்தார். அளவுமீறிய மூடநம்பிக்கை என்பதைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை என்று எழுதுகிறார்.

ஆனால் கிறிஸ்துவை மறுதலிக்காமல் உறுதியாக நின்றவர்களுக்கு அதற்கு முன்பே அவர் மரண தண்டனை கொடுத்திருந்தார். நல்நடக்கை அவர்கள் உயிரைக் காப்பாற்றவில்லை. "நல்லபடி நடந்தால் ஒருவரும் தொந்தரவு செய்யமாட்டார்கள்" என்று புதியவர்களுக்கு உறுதி கொடுக்கிறவர்கள் இந்தக் கடிதத்தை ஒருமுறை வாசிக்கவேண்டும்.

பார்க்கிறவரின் மனதில் நடப்பது

யுஸ்தின் என்றொருவர் இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். பிளேட்டோவின் தத்துவத்தில் தோய்ந்தவர். கிறிஸ்தவர்களைப் பற்றிய அவதூறுகளை அவரும் கேட்டிருந்தார். பிறகு அவர்கள் பயமில்லாமல் மரணத்தை எதிர்கொள்வதைக் கண்டார். இன்பத்துக்காகக் கேடுகெட்டு அலைகிறவன் சாவை இப்படி வரவேற்பானா, தப்பிக்கத்தானே பார்ப்பான் என்று யோசித்ததாக அவரே எழுதியிருக்கிறார். பின்னாளில் அவரும் கிறிஸ்தவராகி, அந்த விசுவாசத்துக்காகவே கொல்லப்பட்டார்.

அவர் மனதில் நடந்ததைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். முதலில் ஒரு குற்றச்சாட்டு காதில் விழுகிறது. பிறகு அதற்கு நேர்மாறான ஒன்று கண்ணில் படுகிறது. இரண்டும் ஒரே ஆளில் பொருந்தவில்லை. அந்த நடத்தையால் அந்த ஆளுக்கு லாபமும் இல்லை, நட்டம்தான். லாபம் இருந்திருந்தால் "காரியத்துக்காக நடிக்கிறான்" என்று ஒதுக்கிவிடலாம். அதற்கு வழியில்லாதபோது, ஒன்று கேட்ட கதையைச் சந்தேகிக்கவேண்டும், அல்லது கண்ணை மூடிக்கொள்ளவேண்டும். கண்ணை மூடிக்கொள்கிறவர்களும் உண்டு, அது அவர்கள் கையில் இருக்கிறது. நம் கையில் இருப்பது, காணக்கிடைப்பது உண்மையாக இருக்கவேண்டும் என்பது மட்டும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பழி முதலில் வருகிறது, நடத்தை அதைப் பொய்யாக்குகிறது, பார்க்கிறவருக்குக் கேள்வி பிறக்கிறது. கேள்வி பிறக்கும்வரைதான் நடத்தையின் வேலை. அதற்கு மேல் என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

நம்மூரில் பழி எங்கிருந்து வருகிறது

கிழக்கில் வீடு வளவு பெரும்பாலும் பெண்வழியாக இறங்குகிறது. அக்காவும் தங்கையும் அடுத்தடுத்த வளவில் இருப்பார்கள், மாப்பிள்ளைதான் வந்து சேருவார். ஒரு வீட்டில் குழந்தை அழுதால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். கோயிலும் அப்படியே குடும்பத்தோடு பின்னியது. பல கோயில்களில் குடிக்கு, அதாவது தாய்வழிக் குலத்துக்கு, ஒரு நாள் திருவிழா, கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் வரி சேர்ப்பார். இந்த ஏற்பாட்டிலிருந்து ஒரு வீடு விலகினால், மற்ற வீடுகளுக்குச் சுமை கூடுகிறது. அம்மம்மாவுக்கு, தான் கண்ணை மூடினால் பிள்ளைகள் சடங்கு செய்வார்களா என்ற கவலை. இதையெல்லாம் "கிறிஸ்துவுக்கு எதிர்ப்பு" என்று ஒரே பெயரில் அடக்குவது சரியில்லை. அதில் பெரும்பகுதி மனத்தாங்கல்.

ரோம உலகத்துப் பெண்களும் இதைக் கண்டார்கள். மனைவி கணவனின் தெய்வங்களை மட்டுமே வணங்கவேண்டும் என்று புளூட்டாக் என்ற எழுத்தாளர் அந்தக் காலத்திலேயே அறிவுரை சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட வீடுகளில் வாழ்ந்த பெண்களுக்குத்தான் பேதுரு, போதனை இல்லாமலே உங்கள் நடக்கையால் கணவர் ஆதாயப்படுத்தப்படலாம், அதாவது விசுவாசத்துக்குள் வரலாம் என்று எழுதினார் (3:1). நாள் முழுக்க வசனம் சொல்லிக் கணவரைத் துரத்தும் சகோதரிகள் இந்த வசனத்தை மட்டும் எப்படித் தாண்டிப் போகிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

அப்போ கோயில் காரியத்தில் சேராத ஒருவர் ஊரோடு எப்படி இருப்பது? சேரக்கூடிய இடங்கள் நிறைய இருக்கின்றன. செத்த வீட்டுக்கு முதல் ஆளாகப் போய்க் கதிரை அடுக்கலாம், இரவு விழித்திருக்கலாம். 31ஆம் நாள் செத்தவருக்குப் படைக்கும் அமுதுக்கு மரக்கறி வெட்டலாம், தண்ணீர் சுமக்கலாம். படைத்ததைச் சாப்பிடலாமா என்பதில் சபைக்குச் சபை கருத்து வேறு, அதற்குள் இப்போது போகவில்லை. மாரி வெள்ளத்தில், வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைப் பாதைகள் மூழ்கும்போது தோணியில் மருந்து கொண்டுபோக ஆள் தேவை. வாய்க்கால் துப்புரவுக்கு, வயல் தண்ணீரைப் பார்க்கும் வட்டவிதானை கூப்பிட்டால் மண்வெட்டியோடு போய் நிற்கலாம். இவற்றில் எதற்கும் மதம் குறுக்கே நிற்பதில்லை. விலகினவர்கள் பலர் கோயிலோடு சேர்த்து இவற்றிலிருந்தும் விலகிவிடுவதுதான் சிக்கல். அப்புறம் "ஊரை மதிக்காத ஆக்கள்" என்ற பழி பொய்ப் பழியாக இருக்காது.

பழி உண்மையாக இருந்தால்

இதை நம் சபைகளில் குறைவாகவே பேசுகிறோம். பேதுரு 4:15இல் ஒரு பட்டியல் தருகிறார்: கொலைகாரனாக, திருடனாக, பொல்லாங்கு செய்தவனாகப் பாடுபடாதீர்கள், அதாவது துன்பம் அனுபவிக்காதீர்கள். நாலாவதாக, அடுத்தவர் காரியத்தில் தலையிட்டவனாகவும் பாடுபடாதீர்கள் என்கிறார். கொலைகாரனோடு ஒரே வரியில், மூக்கை நுழைக்கிறவன்.

இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கிப் பொக்ஸைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துப் பாடினால், அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சாதாரணதரப் பரீட்சை. அவர் வந்து சத்தம் போட்டால் அது துன்புறுத்தல் ஆகாது. பக்கத்து வீட்டார் கும்பிடும் தெய்வத்தை மைக்கில் பேய் என்று சொல்லிவிட்டு, கூரைமேல் கல் விழுந்ததும் "பாடுகள் வருகின்றன" என்று ஜெபக்குறிப்பு அனுப்புகிறோம். கல் எறிந்தது தவறு, சந்தேகமில்லை. ஆனால் முதல் கல்லை எறிந்தது நம் மைக். என்னைக் கேட்டால், ஜெபக்கூட்டங்களில் பாடு என்ற பெயரில் வரும் கதைகளில் நிறையவற்றை ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தே தீர்த்துவிடலாம். கடனை வாங்கிக் கொடுக்காமல் இருப்பது, எல்லை வேலியை ஓரடி தள்ளிப் போடுவது எல்லாம் இதே வகைதான். பழி வந்ததும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அது உண்மையா என்பது. உண்மையென்றால் போய் மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்யவேண்டும். அப்படிக் கேட்பதையும் தெரு பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

பொதிக்குள் கைப்பிரதி

இனி உதவிக்கு வருவோம். நம் மாவட்டங்களில் கிறிஸ்தவர்கள்மேல் வரும் பழிகளில் பெரியது, "சாமான் கொடுத்து மதம் மாத்துறாங்க" என்பது. இது புதிதாக வந்த பேச்சு இல்லை. 2004இல், வற்புறுத்தியோ ஆசைகாட்டியோ ஏமாற்றியோ மதம் மாற்றுவதைத் தடைசெய்யும் சட்டமூலம் ஒன்று நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது, அது சட்டமாகவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. நாவலடி, கல்லாறு, காரைதீவு, திருக்கோவில் என்று கரையோரம் முழுக்க அழிந்தபோது உதவிகள் குவிந்தன. கூடவே அந்தப் பழைய சந்தேகமும் பெருத்தது.

சீட்டு அக்காவை மறுபடி நினைத்துக்கொண்டால், பொதிக்குள் கைப்பிரதி வைப்பதில் என்ன பிழை என்பது தெரியும். கொடுக்கிறவருக்கு லாபம் இருக்கிறது என்று தெரிந்த நிமிடமே பார்க்கிறவருக்கு ஒரு சாட்டு கிடைத்துவிடுகிறது. "ஆள் சேர்க்கத்தானே கொடுத்தான்." அரிசி அதே அரிசிதான், சாட்சி மட்டும் போய்விட்டது. வாங்கினவருக்கும் கஷ்டம். பசிக்காக வாங்கினாரா, நம்பி வந்தாரா என்று ஊர் காலம் முழுக்கக் கேட்கும். ஞாயிறு வருகிற வீட்டுக்கு மட்டும் பொதி என்று பட்டியல் போடுகிற சபை, தன்மேல் வந்த பழிக்குத் தானே அத்தாட்சி எழுதிக் கொடுக்கிறது.

இயேசு மலைப்பிரசங்கத்தில், உங்கள் நற்கிரியைகளை மனுஷர் காணட்டும் என்கிறார் (மத்தேயு 5:16). சற்றுப் பின்னால், மனுஷர் காணவேண்டும் என்பதற்காகச் செய்யாதீர்கள் என்றும் சொல்கிறார் (6:1). புதியவர்கள் இதில் குழம்புவார்கள். காணப்படுவது வேறு, காட்டுவது வேறு. பொதி கொடுக்கும்போது ஃபேஸ்புக்குக்குப் படம் எடுக்கிறோமா என்று பார்த்தாலே எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

இதற்கு வரலாற்றில் எனக்குப் பிடித்த உதாரணம் ஜூலியன் என்ற ரோமப் பேரரசர். கி.பி. 361 முதல் 363 வரை ஆண்டவர். கிறிஸ்தவனாக வளர்ந்து, அதை உதறிவிட்டு, பழைய தெய்வ வழிபாட்டை மீண்டும் நிலைநாட்டப் பாடுபட்டவர். கிறிஸ்தவர்களை ஏளனமாகக் கலிலேயர் என்றுதான் அழைப்பார். அவர் தன் பூசகர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் மனம் நொந்துகொள்கிறார். இந்தக் கலிலேயர் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் பராமரிக்கிறார்கள், நம் ஆட்களோ நம்மிடமிருந்து உதவி இல்லாமல் கிடக்கிறார்கள் என்பது அவர் குறை. நாமும் அந்நியருக்கு விடுதிகள் கட்டுவோம் என்று கட்டளையும் இடுகிறார். அந்தப் பூசகர் இருந்த இடம் கலாத்தியா, பேதுருவின் கடிதம் போன மாகாணங்களில் ஒன்று. ஜூலியன் மனம் மாறவில்லை, சாகும்வரை எதிரிதான். ஆனாலும் பழிபேசுகிற வாயே உண்மையை ஒத்துக்கொண்டது.

2019க்குப் பிறகு

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் சிறுபிள்ளைகள் பலர். நாடு முழுவதும் அன்று நடந்த தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கியவர், மட்டக்களப்புக்குப் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியைச் சேர்ந்தவர். இதன் பின் முஸ்லிம் கடைகளில் வாங்காதீர்கள் என்ற பேச்சு பல இடங்களில் கிளம்பியது.

பேதுருவின் போதனைக்கு நம் மண்ணில் வந்த மிகக் கடினமான சோதனை இது என்று நினைக்கிறேன். செய்தவன் குற்றத்தைச் செய்யாதவன்மேல் போடுவது, நீரோ கிறிஸ்தவர்களுக்குச் செய்த அதே காரியம். பழியால் வருந்தினவர்கள் அதே பழியை அடுத்தவர்மேல் சுமத்தினால், அவர்களுடைய சாட்சி எந்த வாயால் பேசும்? வழக்கமாகத் துணி வாங்கும் கடையில் தொடர்ந்து துணி வாங்குவதும், வழக்கமான முச்சக்கரவண்டிக்காரரையே கூப்பிடுவதும் அந்த நாட்களில் பெரிய காரியம். இழந்த குடும்பங்களுக்கு அப்படி நடக்கவேண்டும் என்று வெளியிலிருந்து யாரும் கட்டளை போட முடியாது. அவர்களுக்கு அழவும் கோபப்படவும் நேரம் வேண்டும். மற்றவர்களான நமக்கு அந்தச் சாட்டு இல்லை.

கேட்டால் பதில்

"என் வாழ்க்கையே சாட்சி" என்று நழுவுகிறவருக்கு இது. நல்லவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள், மதமே இல்லாதவர்களிலும் இருக்கிறார்கள். நம் நடத்தையைப் பார்த்து ஒருவருக்குக் கிறிஸ்துவின் பெயர் தானாகத் தெரிந்துவிடாது. அதனால்தான் பேதுரு 3:15இல், உங்கள் நம்பிக்கையைப் பற்றி விசாரித்துக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார். எப்படிச் சொல்லவேண்டும் என்பதும் உண்டு: சாந்தத்தோடும் வணக்கத்தோடும். கேட்கிறவருக்கு மரியாதை கொடுத்து, அவர் கேட்ட அளவுக்கு. "ஏன் மச்சான் நீ வட்டிக்குக் கொடுக்கிறத விட்டுட்ட?" என்று கேட்கிறவருக்கு ஆதியாகமத்திலிருந்து தொடங்கத் தேவையில்லை.

பொறுமைக்கும் பொலிசுக்கும் நடுவில்

கடைசியாக, வாயைப் பொத்திக்கொண்டிருப்பதுதான் சாட்சி என்கிறவர். பழிக்குப் பழி வாங்காதே என்று பேதுரு சொல்கிறார், உண்மை. ஆனால் அநீதியை அநீதி என்று சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. பிலிப்பி பட்டணத்தில் அப்போஸ்தலர் பவுலையும் அவரோடு ஊழியம் செய்த சீலாவையும் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் இரகசியமாக வெளியே அனுப்பப் பார்த்தபோது பவுல் மறுத்துவிட்டார். ரோமக் குடிமக்களை வெளியரங்கமாக அடித்தீர்கள், நீங்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போங்கள் என்றார் (அப்போஸ்தலர் 16). அதிகாரிகள் பயந்து வந்து கேட்டுக்கொண்டார்கள். பவுல் அந்த ஊரை விட்டுப் போகலாம், புதிதாக நம்பினவர்கள் அங்கேயே வாழவேண்டுமே.

நமக்கும் இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, விரும்பிய மதத்தை உடையவராக இருக்கும் சுதந்திரத்தைத் தருகிறது. 14ஆம் உறுப்புரை அதைத் தனியாகவோ கூட்டாகவோ கைக்கொள்ளும் சுதந்திரத்தைத் தருகிறது. இவை இந்து அயலாருக்கும் முஸ்லிம் அயலாருக்கும் இருக்கும் அதே சுதந்திரம்தான். ஜெபவீட்டு ஜன்னலை உடைத்தவரைப் பற்றிப் பொலிசில் முறைப்பாடு கொடுத்தால் சாட்சி கெட்டுவிடாது. அதே முறைப்பாட்டில், அன்று வீட்டில் படுத்திருந்த அவருடைய தம்பியின் பெயரையும் பழைய கோபத்தில் சேர்த்து எழுதினால் கெட்டுவிடும்.